அந்த 12 பேரை எப்படி எண்ணுவது?
அறிவியல், பொறியியல் துறையினரிடம் பன்முகத்தன்மை சர்வே எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஒரு கணக்கோடு தொடங்கலாம். 200 பேர் வேலை செய்யும் ஆய்வுக்கூடம். “இங்கே எனக்கு மதிப்பு இருக்கிறது” என்ற வரிக்கு 160 பேர் ஆம் என்கிறார்கள். 80 சதவீதம். அறிக்கையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடலாம். அந்த 200 பேரில் சிறுபான்மையினர் 12 பேர் என்று வையுங்கள். அந்த 12 பேருமே ‘இல்லை’ என்று சொல்லியிருந்தாலும் 80 அப்படியே நிற்கும். சராசரி அவர்களை விழுங்கிவிடும்.

சரி, பிரித்துக் காட்டுவோம் என்று துறை, பாலினம், அனுபவம் என அட்டவணையைக் கூறு போட்டால், ஏதோ ஒரு கட்டத்தில் ‘1’ என்று வந்து நிற்கும். அந்த ஒருவர் யார் என்று அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். சேர்த்தால் மறைந்துபோகிறார்கள், பிரித்தால் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சர்வேயின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த 12 பேரை மனதில் வைத்துத்தான்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். யார் யார் இருக்கிறார்கள் என்பது பன்முகத்தன்மை. இருப்பவர்களால் நிம்மதியாக வேலை செய்ய முடிகிறதா, பேச முடிகிறதா, மேலே போக முடிகிறதா என்பது அரவணைப்பு. முதலாவதை எண்ணலாம். இரண்டாவதைக் கேட்டால்தான் தெரியும். பல அமைப்புகள் முதலாவதை எண்ணிவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகின்றன.

1. கேட்பதற்கு முன், கேட்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

சம்பளம், பதவி உயர்வு, ஆய்வு நிதி, ஆய்வக இடம், விருதுக்குப் பெயர் பரிந்துரைத்தது: இவை எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. “உங்களுக்குச் சம்பளம் நியாயமாகக் கிடைக்கிறதா?” என்று ஆயிரம் பேரிடம் கேட்பதைவிடச் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்ப்பது மேல்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மூலக்கூறு உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் 1990-களின் தொடக்கத்தில் செய்ததும் இதுதான். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வக அறைகளை அளந்தார். ஆண் சக பேராசிரியர்களைவிடத் தனக்கு இடம் குறைவு என்பதை எண்ணாகக் காட்டினார். அது அவரோடு நிற்கவில்லை. மற்றப் பெண் பேராசிரியர்களும் சேர்ந்தார்கள், குழு அமைந்தது. சம்பளம், இடம், வளங்கள் ஆகியவற்றில் வேறுபாடு இருந்ததை 1999-இல் அந்தக் கழகமே அறிக்கையாக வெளியிட்டது. நாடாவால் அளக்க முடிந்ததை வினாத்தாளால் அளக்க வேண்டியதில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளவே முடியாத விஷயமும் உண்டு. “நீங்கள் பாரபட்சம் பார்ப்பீர்களா?” என்று கேட்டால் யார் ஆம் என்பார்கள்? 2012-இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை அனுப்பினார்கள். சிலருக்குப் போன தாளில் ஜான் என்ற பெயர், மற்றவர்களுக்குப் போனதில் ஜெனிஃபர். மற்றபடி ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. மதிப்பிட்டவர் ஆணா பெண்ணா என்பது இந்த இடைவெளியை மாற்றவில்லை. இவர்களிடம் நேராகக் கேட்டிருந்தால் நேர்மையாகவே ‘பாரபட்சம் இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். இப்படிப்பட்டதைச் சோதனை வைத்துத்தான் பார்க்க முடியும்.

அப்படியானால் சர்வே எதற்கு? அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்ததற்கு. மீட்டிங்கில் சொன்ன யோசனை அடுத்தவர் பெயரில் போனதா? தன் குடும்பத்தைப் பற்றி உடன் வேலை செய்பவர்களிடம் மறைக்க வேண்டியிருக்கிறதா? போன வருடம் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாரா? எந்தப் பதிவேட்டிலும் இவை கிடையாது.

இந்தப் படியை முடிக்க ஒரு தாள் போதும். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் “இதற்கு மோசமான பதில் வந்தால் என்ன செய்வோம், யார் செய்வார்?” வலப்பக்கம் காலியாக இருக்கும் கேள்வியை அடித்துவிடுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவராவது அந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும். காயத்தைக் காட்டச் சொல்லிவிட்டு மருந்து தராமல் போவதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம்.

2. யாரிடம் கேட்கிறீர்கள்?

“எங்கள் உறுப்பினர்கள் எல்லோரிடமும்” என்பதுதான் வழக்கமான பதில். உறுப்பினர் பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள், டெக்னீஷியன்கள், கருவிகளைப் பராமரிப்பவர்கள், களப் பணியாளர்கள், அலுவலக மின்னஞ்சலே இல்லாதவர்கள். ‘அறிவியல் துறையினர்’ என்றதும் பட்டம் பெற்றவர்கள் மட்டும் நினைவுக்கு வருவதே ஒரு பாரபட்சம்தான்.

பட்டியல் கோணலாக இருந்தால் எண்ணிக்கை காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லேண்டன் வெல்வார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பட்டியல் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இல்லை. நம் சர்வேயிலும் அப்படித்தான். மிகவும் அடிபட்டவர்களும் மிகவும் ஆர்வமுள்ளவர்களும் பதில் தருவார்கள், பயந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பதில் தந்தவர்களின் பாலினம், துறை, பணிமூப்பு விகிதங்களைப் பதிவேட்டு விகிதங்களோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இன்னொரு கூட்டம் பட்டியலிலேயே இருக்காது: விலகிப் போனவர்கள். முதல் குழந்தைக்குப் பிறகு அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் முழுநேர வேலையை விட்டவர்கள் பெண்களில் 43 சதவீதம், ஆண்களில் 23 சதவீதம் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. இருப்பவர்களிடம் மட்டும் “வேலையும் குடும்பமும் ஒத்துப்போகிறதா?” என்று கேட்டால், ஒத்துப்போகாதவர்கள் ஏற்கெனவே வெளியே போயிருப்பார்கள். கடந்த 3 அல்லது 5 ஆண்டுகளில் விலகியவர்களுக்கும் ஒரு சிறிய படிவம் அனுப்புங்கள். கொஞ்சம் பேர்தான் பதில் போடுவார்கள், ஆனால் மனம்விட்டு எழுதுவார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பால்புதுமையினரான (ஒருபாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர் முதலானோர்) அறிவியல், பொறியியல் பணியாளர்களின் நிலையை ஆராய எரின் செக், டாம் வைட்சுனாஸ் இருவரும் அமெரிக்காவின் 21 தொழில்சார் சங்கங்களின் உறுப்பினர்களிடம் சர்வே எடுத்தார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. மொத்தம் 25,324 பேர், அதில் பால்புதுமையினர் 1,006 பேர். நூற்றுக்கு நான்கு. இத்தனை பேரைத் திரட்டியதால்தான் சம்பளம், மதிப்பு, தொல்லை, உடல்நலம், வேலையை விடும் எண்ணம் என ஒவ்வொன்றிலும் இடைவெளி இருப்பதை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. உங்கள் அமைப்பில் 300 பேர்தான் என்றால் அதே விகிதத்தில் 12 பேர் வருவார்கள். தனியே நடத்தாதீர்கள். அதே துறையின் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து ஒரே வினாத்தாளை நடத்துங்கள்.

3. கேள்விகளை எழுதுவது

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

முதல் விதி: நடந்ததற்கு வைத்த பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். “உங்களுக்குப் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்ததா?” என்று கேட்டால், அது அந்த அளவுக்குப் பெரியதா என்று பதில் சொல்பவரே தனக்குள் ஒரு வழக்கு நடத்தித் தீர்ப்பும் சொல்லிக்கொள்வார். “கடந்த 12 மாதங்களில் உங்கள் உடலைப் பற்றி யாராவது பேசினார்களா?”, “விருப்பமில்லை என்று தெரிந்தும் யாராவது திரும்பத் திரும்ப அழைத்தார்களா?” என்று கேட்டால் நடந்தது வரும். இந்த வேறுபாடு சின்னதல்ல. அமெரிக்கப் பணியிட ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையில், ‘பாலியல் துன்புறுத்தல்’ என்றே பெயர் சொல்லிக் கேட்டபோது சராசரியாகப் பெண்களில் 24 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நடத்தைகளைப் பட்டியலிட்டுக் கேட்டபோது 58 சதவீதம். பாகுபாடு, அவமதிப்பு, ஒதுக்கிவைத்தல் பற்றிய கேள்விகளையும் இப்படியே எழுதலாம். “உங்களை ஒதுக்குகிறார்களா?” என்பதற்குப் பதில் “உங்கள் வேலையைப் பாதிக்கும் முடிவை நீங்கள் இல்லாத இடத்தில் எடுத்துவிட்டு, பிறகு சொன்னது எத்தனை முறை?” என்று கேளுங்கள்.

கால எல்லை கட்டாயம். ‘எப்போதாவது’ என்று கேட்டால் 30 வருட அனுபவம் உள்ளவரும் 3 மாத அனுபவம் உள்ளவரும் ஒரே தராசில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு வாக்கியத்தில் ஒரே கேள்வி. “என் மேலாளர் என்னை மதிக்கிறார், ஆதரிக்கிறார்” என்று எழுதினால், மதிக்கிற ஆனால் கைகொடுக்காத மேலாளரை எங்கே குறிப்பது? ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் தந்த, ‘முழுவதும் உடன்படுகிறேன்’ முதல் ‘சற்றும் உடன்படவில்லை’ வரையான அளவுகோலை எல்லோரும் பயன்படுத்துகிறோம். பயன்படுத்துங்கள். ஆனால் எல்லா வாக்கியங்களையும் நல்லதாகவே எழுதினால் கை தானாக ‘உடன்படுகிறேன்’ பக்கம் போய்க்கொண்டே இருக்கும். முடிந்த இடத்தில் ‘எத்தனை முறை’ என்று மாற்றுங்கள்.

இனி ‘நீங்கள் யார்’ கேள்விகள். இவற்றைக் கடைசியில் வையுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் ‘சொல்ல விரும்பவில்லை’ இருக்கட்டும். பாலினத்தையும் பாலீர்ப்பையும் (யார்மேல் ஈர்ப்பு என்பதையும்) ஒரே கேள்வியில் குழப்பாதீர்கள். திருநங்கை ஒருவரைப் ‘பெண்’ அல்லது ‘திருநங்கை’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்காமல், இரண்டையும் தேர்ந்தெடுக்க விடுங்கள், அல்லது இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். ‘பிற’ என்ற சொல்லுக்குப் பதில் ‘என் சொற்களில்’ என்று ஒரு பெட்டி வையுங்கள். ‘பிற’ என்ற பெட்டியில் தன்னைத் தானே போட்டுக்கொள்வது யாருக்கும் இனிக்காது. இனம், சாதி, மதம், மொழி ஆகியவற்றில் எது உங்கள் இடத்தில் கதவை மூடுகிறதோ அதைக் கேளுங்கள். எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கேட்க வேண்டியதில்லை. பயன்படுத்தாத தகவலைச் சேர்த்து வைப்பது வீண் ஆபத்து.

மாற்றுத்திறன் பற்றி “நீங்கள் மாற்றுத்திறனாளியா?” என்று கேட்டால், காதுகேட்கும் கருவி வைத்திருக்கும் பலர் ‘இல்லை’ என்பார்கள். 2001-இல் ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழு இதற்கு ஆறு கேள்விகளை உருவாக்கியிருக்கிறது: பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளுதல், பிறரோடு பேசிப் புரியவைத்தல். ஒவ்வொன்றுக்கும் ‘சிரமம் இல்லை’ முதல் ‘முடியவே முடியாது’ வரை நான்கு பதில்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மனநலம் சார்ந்த சிரமங்களை இந்த ஆறும் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் அதற்குத் தனியே ஒன்று சேருங்கள்.

4. ஐந்தாறு பேரோடு உட்காருங்கள்

சர்வேயை அனுப்புவதற்கு முன் ஐந்தாறு பேரை, அதிலும் அந்த 12 பேரைப் போன்றவர்களை, உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். “இதைப் படித்ததும் எது நினைவுக்கு வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், சர்வே வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. நான் முதன்முதலில் எழுதிய வினாத்தாளில் பதினொரு கேள்விகள் “உங்கள் குழுவில்” என்று தொடங்கின. இரண்டாவதாக உட்கார்ந்தவர் கேட்டார்: “எந்தக் குழு? நான் மூன்றில் இருக்கிறேன். ஒன்றில் ராஜா மாதிரி, ஒன்றில் அனாதை மாதிரி.” பதினொன்றையும் திருத்தினேன்.

அந்த நேரத்திலேயே படிவத்தைக் கைபேசியிலும் திரைவாசிப்பானிலும் ஓட்டிப் பாருங்கள். பெரிய கட்ட அட்டவணைகளும் இழுத்து நகர்த்தும் அளவுகோல்களும் அழகாக இருக்கும், ஆனால் கண் தெரியாதவருக்கு அவை சுவர். மாற்றுத்திறன் பற்றிக் கேட்கும் படிவத்தை மாற்றுத்திறனாளியால் நிரப்ப முடியவில்லை என்றால், வெட்கப்பட வேண்டியது நாம்தான்.

5. பெயரில்லை என்றால் யாரென்று தெரியாதா?

பெயர் கேட்கவில்லை, அதனால் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு. அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி இந்த மூன்றை வைத்தே தனித்து அடையாளம் காணலாம் என்று லட்டான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். அது ஒரு நாடு. உங்களிடம் இருப்பது ஒரு கட்டடம்.

யார் அனுப்பினார் என்று நமக்கே தெரியாதது பெயரிலி சர்வே. நமக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டோம் என்பது இரகசிய சர்வே. இரண்டில் எது என்று உண்மையைச் சொல்லுங்கள். தனித்தனி லிங்க் அனுப்பிவிட்டு ‘பெயரிலி’ என்று எழுதுவது பொய். பெயரிலி என்றால் மின்னஞ்சலையும் கணினியின் இணைய முகவரியையும் (IP) பதிவு செய்யும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

வயதைப் பத்துப் பத்து ஆண்டுகளாகக் கேளுங்கள். சின்னத் துறைகளைச் சேர்த்துவிடுங்கள். 10-க்குக் கீழே எண்ணிக்கை வரும் எந்தக் கட்டத்தையும் வெளியிடமாட்டோம் என்ற விதியைச் சர்வே தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். 5 என்று வைப்பவர்களும் உண்டு. சின்ன இடத்துக்கு 10 நல்லது. கழித்தலை மறந்துவிடாதீர்கள். மொத்தம் 40 என்று ஒரு பக்கத்தில் போட்டு, மற்றவர்கள் 37 என்று இன்னொரு பக்கத்தில் போட்டால், மறைத்த 3-ஐக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். ஒரு கட்டத்தை மறைத்தால் கூடவே இன்னொன்றையும் மறைக்க வேண்டியிருக்கும்.

அதிகம் கசிவது எழுத்துப்பூர்வமான கருத்துகளில்தான். “போன ஏப்ரலில் அந்த லேசர் அறையில்” என்ற ஐந்து சொற்கள் போதும். அறிக்கையில் மேற்கோள் காட்டும்போது இடம், காலம், கருவி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது. ‘செய்தேன்’ என்பதில் ஆணா பெண்ணா தெரியாது, ‘அவள்’ இருக்கும் இடத்தில் ‘அவர்’ என்று போட்டால் மரியாதையும் காப்பாகும், ஆளும் காப்பாகும்.

மூலத் தரவைப் பணி மதிப்பீடு செய்பவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. வெளியார் ஒருவர் வைத்திருப்பது நல்லது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை இனம், உடல்நலம், பாலீர்ப்பு போன்றவற்றைத் தனி வகைத் தரவாக வைத்து, விதிவிலக்கு இருந்தாலொழியக் கையாளக் கூடாது என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நெறிமுறைக் குழுவையும் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒருபால் உறவு குற்றமாக இருக்கும் நாட்டில் உறுப்பினர்கள் இருந்தால், அங்கே அந்தக் கேள்வியையே நீக்கிவிடுவதுதான் சரி.

ஒரு சின்ன விளையாட்டும் உண்டு. ஸ்டான்லி வார்னர் 1965-இல் முன்வைத்த முறையிலிருந்து வந்தது. பதில் சொல்பவர் காசைச் சுண்டுவார். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’, பூ விழுந்தால் உண்மை. தனி ஆளின் பதில் யாருக்கும் தெரியாது, மொத்தக் கணக்கு மட்டும் தெரியும். அழகான யோசனை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். 12 பேருக்கு உதவாது.

6. அனுப்புவது

இதில் பெரிய வித்தை இல்லை. 10 முதல் 12 நிமிடம், இரண்டு மூன்று வாரம், இரண்டு நினைவூட்டல். நிதி விண்ணப்பக் கடைசித் தேதிக்கும் தேர்வுக்கும் நடுவே அனுப்பாதீர்கள். மேலாளர்கள் “எல்லோரும் போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டு வலம்வரக் கூடாது. கடைசிப் பக்கத்தில், மனம் கலங்கியவர் பேசுவதற்கு ஒரு தொடர்பு எண் இருக்கட்டும்.

7. கணக்குப் போடும்போது

முதல் வேலை, மொத்தத்தை நம்பாமல் இருப்பது. 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த 8,442 ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கும், 4,321 பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. வெளிப்படையான பாகுபாடு என்று தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அப்படி இல்லை. துறை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி சேர்த்துப் பார்த்ததில் பெண்கள் பக்கம் லேசான சாய்வுகூட இருந்தது. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அதனால் சிக்கல் இல்லை என்று ஆகாது. பெண்களை அந்தத் துறைகளுக்குத் தள்ளியது எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. எந்தக் கதவில் தடை என்று தெரியாமல் பழுதுபார்க்கப் போகாதீர்கள். அதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது.

இரண்டாவது, சின்ன எண்ணுக்குச் சதவீதம் போடாதீர்கள். “37.5 சதவீதம்” என்றால் ஏதோ துல்லியம்போல் இருக்கும். “40 பேரில் 15 பேர்” என்றால் உள்ளது தெரியும். இன்னும் இருவர் பதில் போட்டிருந்தால் எண் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். தோராயக் கணக்கு ஒன்றை நினைவில் வையுங்கள்: சரியாகத் தேர்ந்தெடுத்த 100 பேரிடம் கேட்டாலும் சதவீதம் 10 புள்ளி மேலும் கீழும் ஆடும், 25 பேர் என்றால் 20 புள்ளி.

‘சொல்ல விரும்பவில்லை’ என்ற பதில்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு பிரிவில் மட்டும் அது மூன்று மடங்கு இருந்தால், அந்தப் பிரிவில் பேசப் பயம் இருக்கிறதா என்று விசாரிக்க அதுவே காரணம்.

பெண்கள் ஒரு பக்கம், மாற்றுத்திறனாளிகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பார்த்தால் மாற்றுத்திறனாளியான பெண் இரண்டு அட்டவணையிலும் கரைந்துபோவார். இங்கே எண் கைகொடுக்காது என்பதை ஏற்றுக்கொண்டு பேச்சுக்கு மாறுங்கள். விருப்பமுள்ளவர்களை வெளியிலிருந்து வரும் ஒருவர் தனித்தனியே சந்தித்து ஒரு மணி நேரம் கேட்கட்டும். அறிக்கையில் அந்த இடத்தில் “எண்ணிக்கை 10-க்குக் கீழ் என்பதால் அட்டவணை இல்லை, சந்தித்துக் கேட்டவற்றின் சாரம் கீழே” என்று எழுதினால் போதும். அந்தச் சாரத்தையும் அச்சுக்கு முன் அவர்களிடமே காட்டுங்கள். ‘இந்த வரியை எடுத்துவிடுங்கள்’ என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

8. திருப்பிக் கொடுப்பது

பதில் தந்தவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் முடிவு போய்ச் சேர வேண்டும். நிர்வாகத்துக்கு ஒரு மெருகேற்றிய பிரதி, ஊழியர்களுக்கு ஒரு சுருக்கம் என்று இரண்டு வேண்டாம். முதல் படியில் எழுதிய அந்த வலப்பக்கத் தாளை இப்போது எடுத்து, எது நடக்கும், எது நடக்காது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று கூடவே வெளியிடுங்கள். அடுத்த சர்வே ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்து. அதற்குள் கேள்வியைச் செதுக்க வேண்டும் என்று கை அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு சொல் மாறினாலும் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

மூலக் கோப்பை எந்தத் தேதியில் அழிப்போம் என்று அழைப்புக் கடிதத்திலேயே சொல்லியிருப்பீர்கள். அந்தத் தேதி வந்ததும் பிரதிகளையும் சேர்த்து அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று எல்லோருக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை பதில் போடலாமா வேண்டாமா என்று அந்த 12 பேர் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.